லயத்தில் ஒரு கருத்து, கேம்பஸில் ஒரு கருத்து: குறும்படத்தை யாருக்காக வெட்டுவது?

பனிமூட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மஸ்கெலியா பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே ஒரு குறும்படம் எடுத்திருக்கிறோம். கேம்பஸில் ஊடகக் கற்கை இறுதி வருஷம், அதற்கான செயற்றிட்டம்தான். ஆனால் புள்ளி போட்டதோடு இது முடிந்துவிடக் கூடாது, நடித்த சனமும் அவர்களைப் போல லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்களும் பார்க்க வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே ஆசை. இப்போதைக்கு ரஃப் கட், அதாவது முதல் தொகுப்பு, 18 நிமிஷம் வருகிறது.

கதை சின்னது. கொழுந்தெடுக்கும் ஒரு அம்மா, ஏ.எல். படிக்கும் மகள். ஒரு நாள் பின்னேர நிறுவையில், கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளை தண்ணிக்கு, சாக்குக்கு என்று கிலோ கழிக்கிறார், அம்மாவுக்கு முழுப் பேர் விழாமல் அரைப் பேர் விழுகிறது. மலைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், தோட்டம் வைத்திருக்கும் கிலோ அளவை எடுத்தால்தான் அந்த நாளுக்கு முழுப் பேர், குறைந்தால் பாதிச் சம்பளம். அன்றைக்குப் பார்த்து மகள் ரியூஷன் காசு கேட்கிறாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய் அழுகிறார். அடுத்த நாள் விடிய மகள் வெள்ளைச் சீருடையோடு இறங்கி வந்து, பஸ் ரோட்டுக்கு ஒரு பாதையும் மலைக்கு ஒரு பாதையும் பிரிகிற இடத்தில் நிற்கிறாள். அங்கேயே வெட்டிவிட்டோம்.

இதைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு தடவை போட்டோம், கேம்பஸில் எங்கள் பட்ச் பிள்ளைகளுக்கும் போட்டோம். இரண்டு பக்கமும் சொன்னது ஒன்றுக்கொன்று முட்டுகிறது.

தோட்டத்தில் படம் முடிந்தவுடன் எல்லோரும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார்கள். பிறகு வீட்டுக்குப் போகும் வழியில்தான் கதை வெளியே வந்தது. “அந்தப் பிள்ளை ஸ்கூலுக்குப் போனாளா இல்லையா, அதைச் சொல்லாம ஏன் முடிச்சீங்க?” என்று நிறையப் பேர் கேட்டார்கள். “மத்தியான நிறுவையைக் காட்டவே இல்லையே, பின்னேரம் மட்டுமா நிறுக்கிறாங்க?” என்று ஒரு மாமி. ரேடியோச் செய்தியில் 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்று வருவதைப் பிடித்துக்கொண்டு, அது எந்தக் காலத்துக் கதை என்று ஒரு அண்ணன். இன்னொரு அக்கா சொன்னதுதான் மனதில் கிடக்கிறது: “கேமரா தூக்கிட்டு வர்றவங்க எல்லாம் எங்களை அழவைச்சேதான் காட்டுறீங்க.”

கேம்பஸில் முடிவு எல்லோருக்கும் பிடித்திருந்தது, ஆனால் அம்மா எதற்காக உடைந்து போகிறார் என்பதே பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை. கொழும்பு, யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு அரைப் பேர் என்றால் என்னவென்று தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லைதான். ஒரு வொய்ஸ் ஓவர் போட்டு விளக்கச் சொல்கிறார்கள். முதல் நாலு நிமிஷம் இழுக்கிறது என்றும் சொன்னார்கள். எங்கள் மேற்பார்வை விரிவுரையாளரோ இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து ஒரு படம் எடுக்க முடியாது, ஒன்றைத் தெரிவு செய் என்கிறார்.

யார் சொல்வதைக் கேட்பது? முடிவைத் திரும்ப எடுக்க வேண்டுமா? வொய்ஸ் ஓவர் போட எனக்குக் கொஞ்சமும் மனமில்லை, ஆனால் புரியாத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வெட்டும்மேசை எழுதியது:

தங்கச்சி, நான் தலவாக்கலை, இப்போது கொழும்பில் எடிட்டிங் வேலை. ஒரு விஷயத்தை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பார்வையாளர் தனக்கு எங்கே இடறியது என்று சொல்வது அநேகமாக உண்மையாக இருக்கும். அதை எப்படித் திருத்த வேண்டும் என்று அவர் சொல்வது அநேகமாகச் சரிவராது. வொய்ஸ் ஓவர் போடு என்பது மருந்து. அம்மா ஏன் அழுகிறார் என்று தெரியவில்லை என்பது வலி. வலியை எழுதி வைத்துக்கொண்டு மருந்தை நீங்களே தேடுங்கள்.

வால்டர் மர்ச் என்ற அமெரிக்க எடிட்டர் இதைப் பற்றி ஒரு நல்ல விஷயம் சொல்லியிருக்கிறார். முழங்கையில் வலிக்கிறது என்று போனால் நல்ல டொக்டர் முழங்கையை வெட்ட மாட்டார், நரம்பு தோளில் நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். படத்திலும் ஒரு காட்சி பிடிக்கவில்லை, புரியவில்லை என்று பலர் சொன்னால் பழுது அந்தக் காட்சியில் இருக்க வேண்டும் என்றில்லை, அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். உங்கள் அடுப்படிக் காட்சி அப்படித்தான் எனக்குத் தெரிகிறது. நிறுவைக் காட்சியில் என்ன பறிபோனது என்பது பார்ப்பவருக்கு ஏறவில்லை, அதனால் அழுகை வந்ததும் அந்நியமாக இருக்கிறது. அழுகையை நீட்டினாலும் குறைத்தாலும் இது சரியாகாது.

இனி உங்கள் தோட்டத்து மாமி சொன்னதைத் திரும்பப் படியுங்கள். மத்தியான நிறுவை எங்கே? அவர் பிழை பிடிப்பதற்காகக் கேட்டிருக்கலாம், ஆனால் கேம்பஸ் பிள்ளைகளின் குழப்பத்துக்கு மருந்து அங்கேதான் இருக்கிறது. மத்தியானம் ஒரு தரம் நிறுத்து இத்தனை கிலோ என்று கணக்கப்பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும். இன்னும் இவ்வளவு எடுத்தால் பேர் விழுந்துவிடும் என்று அம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டே திரும்ப மலை ஏறட்டும். பின்னேரம் தராசில் எண் தெரியும், அதில் கழிப்பார், பார்க்கிற எவருக்கும் கூட்டல் கழித்தல் மனதில் தானாக ஓடும். மலையைப் பார்த்திராதவனுக்கும் அவர் கொஞ்சத்தில் தவறவிட்டது விளங்கும், மலைக்காரருக்கு ஒன்றையும் விளக்கியது போலவும் இராது, ஏனென்றால் அது அவர்களுடைய நாள்தான். இரண்டு கூட்டத்தில் ஒன்றைத் தெரிவு செய் என்ற பேச்சை, இந்தக் காட்சியை வைத்துப் பார்த்த பிறகு எடுங்கள்.

முதல் நாலு நிமிஷத்துக்கும் இதே காரணம் இருக்கலாம். எதை எதிர்பார்க்க வேண்டும் என்று தெரியாதபோது இரண்டு நிமிஷமும் நீளமாகத்தான் இருக்கும். மத்தியானக் காட்சியைச் சேர்த்துவிட்டு முன்பகுதியில் பனியும் மலையுமாக வைத்திருக்கும் ஷாட்களில் எது போனாலும் கதை நிற்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எங்கள் ஊர் அழகுதான், அதற்காக அதையே பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

முடிவைப் பற்றி: அந்தப் பிள்ளை போனாளா என்று சனம் கேட்டால் அவள் மேல் அக்கறை வந்திருக்கிறது என்று அர்த்தம், அது நல்ல அறிகுறி. ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் நீங்களே திருப்பிக் கேளுங்கள், அவள் எந்தப் பக்கம் போவாள் என்று நினைக்கிறீங்க, ஏன் என்று. படத்துக்குள் பார்த்த ஒன்றைக் காரணமாகக் காட்டி ஒருவர் ஸ்கூல் என்றும் இன்னொருவர் மலை என்றும் சண்டை பிடித்தால் முடிவில் கை வைக்காதீர்கள். எனக்கெப்படித் தெரியும் என்று கையை விரித்தால் மகள் பாத்திரம் இன்னும் உருவாகவில்லை. நீங்கள் எழுதியிருக்கிற கதையில் மகள் காசு கேட்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை, அது எனக்குக் கொஞ்சம் யோசனையாகத்தான் இருக்கிறது. அவளுக்கு என்ன வேண்டும் என்பது ஒரே ஒரு இடத்தில் தெரிந்தாலும் அந்தப் பாதைச் சந்தி வேறு மாதிரி ஆகிவிடும்.

போட்டுக் காட்டும்போது படத்துக்கு முன்னால் ஒரு விளக்கமும் கொடுக்காதீர்கள். பக்கவாட்டில் முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்து, எந்த நிமிஷத்தில் போனை எடுத்தார்கள், எங்கே பக்கத்தவரிடம் ஏதோ கேட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹரோல்ட் லாயிட் போன்ற நகைச்சுவைக் கலைஞர்கள் 1920களிலேயே படம் வெளிவர முன் சாதாரண சனத்துக்குப் போட்டுப் பார்த்து, சிரிப்பு விழாத இடத்தைத் திரும்ப எடுத்தார்கள். அவர்கள் நம்பியது அந்த இருட்டில் வந்த சத்தத்தை. இன்னொன்று, ஒரு தரம் பார்த்தவர் திரும்பவும் புதுப் பார்வையாளர் ஆக முடியாது, கதை அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே எல்லோருக்கும் ஒரேயடியாகக் காட்டி முடித்துவிடாமல், திருத்திய கட்டுக்கு என்று கொஞ்சப் பேரை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

மேட்டுலயம் எழுதியது:

நான் பொகவந்தலாவைப் பக்கம் நாடகம் படிப்பிக்கும் டீச்சர். மேலே தம்பி சொன்ன மத்தியான நிறுவை யோசனை எனக்கும் சரியாகப் படுகிறது. நான் சொல்ல வருவது தோட்டத்துச் சனத்திடம் கருத்தை எப்படி வாங்குவது என்பது பற்றி, ஏனென்றால் கோயில் மண்டபத்தில் கூட்டி வைத்துக் கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது மரியாதை மட்டும்தான், பிள்ளை.

உங்களைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். எங்கள் பிள்ளை கேம்பஸ் போய்ப் படம் எடுத்திருக்கிறாள் என்ற பெருமை அவர்களுக்கு. அந்த முகத்தைப் பார்த்து இந்த இடம் சரியில்லை என்று யார் சொல்வார்கள்? அதோடு மண்டபத்தில் முதலில் எழும்பிப் பேசுகிறவர் தலைவராக இருப்பார், அவர் நல்ல முயற்சி என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில்தான் கதை வெளியே வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வழிதான் உங்கள் இடம். ஒரு லேப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உடுப்புக் கழுவி முடிகிற நேரமாகப் பார்த்து ஒரு வீட்டு முன் விறாந்தையில், ஸ்தோப்பில், நாலைந்து பேரோடு உட்காருங்கள். பெண்கள் தனியாக, இளந்தாரிகள் தனியாக, வயதானவர்கள் தனியாக. நீங்கள் கேட்காமல் உங்கள் குழுவில் வேறு தோட்டத்துப் பிள்ளை யாராவது இருந்தால் அவரைக் கேட்க விடுங்கள், நீங்கள் முன்னால் இல்லாவிட்டால் இன்னும் நல்லது.

நல்லா இருக்கா என்று மட்டும் கேட்கவே கூடாது. அதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு பதில்தான். வராத ஒரு ஆளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேளுங்கள். எங்கிருந்து தொடங்குகிறார்கள், யாரை முதலில் சொல்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று கவனித்தால் போதும். நீங்கள் இது அம்மாவின் கதை என்று நினைத்திருப்பீர்கள், அவர்கள் சொல்லும்போது அது கணக்கப்பிள்ளையின் கதையாக வரலாம். நீங்கள் உயிரைக் கொடுத்து எடுத்த ஒரு காட்சி அவர்கள் சொல்லும் கதையில் வராமலே போகலாம். அதைக் கேட்கும்போது குறுக்கே பாயாமல் இருப்பதுதான் கஷ்டம், இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

எங்கள் சனத்துக்கு இது புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாசி மாதம் மன்மதன், ரதி கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும்போது சுற்றி நிற்கிற பெரியவர்கள் எவ்வளவு கூர்மையாகப் பார்ப்பார்கள் தெரியுமா? ரதி பாட வேண்டிய இடத்தில் ஒரு அடி தவறினால் கூட்டத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள், தப்பு மேளத்தின் அடி பிசகினால் உடனே முகம் மாறும். பார்க்கிறவரும் கலையில் பங்காளி என்ற பழக்கம் இங்கே ஆழமாக இருக்கிறது. படம் என்று வந்ததும்தான் அது படித்தவர்கள் விஷயம், நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். நிறுவை, கூடை கட்டுகிற விதம், விடிய வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் யார் எங்கே நிற்பது என்று அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டால் பேச்சு தானாகத் தொடங்கும், பிறகு கதைக்குள்ளும் வருவார்கள். இந்த விவரப் பிழைகளைப் பற்றி வாக்குவாதமே வேண்டாம், அவர்கள் சொன்னால் சொன்னதுதான், அப்படியே திருத்துங்கள். 1,000 ரூபாய் 2021இல் வந்தது, 2024இல் 1,350 ஆகிவிட்டது, சம்பளப் பேச்சு எப்போதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. கதை எந்த வருஷம் என்று முடிவு செய்யுங்கள், இல்லையென்றால் ரேடியோவில் தொகை சொல்கிற இடத்தை வெட்டிவிடுங்கள், அந்தத் தொகை இல்லாமலும் உங்கள் கதை நடக்கிறதுதானே.

அந்த அக்கா சொன்ன அழுகை விஷயத்தைத் தயவு செய்து சும்மா விடாதீர்கள். 2023இல், எங்கள் சனம் இங்கே வந்து 200 வருஷம் என்பதை நினைவுகூர்ந்த மலையகம் 200 என்று எத்தனை கேமரா வந்தது, எல்லாரும் இடிந்த லயத்தையும் வெடித்த பாதத்தையும்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் நிறுவைக்குக் காத்து நிற்கிற நேரத்தில் பெண்கள் பேசுகிற பேச்சை நீங்கள் கேட்டு வளர்ந்தவர்தானே, அங்கே எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு கிண்டல், கணக்கப்பிள்ளை காதில் விழும்படியே பேசுகிற துணிச்சல். மத்தியானக் காட்சியில் அந்த அம்மாவைச் சிரிக்க வையுங்கள். சிரித்த பெண்ணை மத்தியானம் பார்த்தவர்கள் பின்னேரம் அவர் பேசாமல் திரும்புவதைப் பார்க்கும்போது அடுப்படியில் அழவே தேவையில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஷாட்டை எடுத்துவிட்டு ஒரு கட் போட்டுப் பாருங்கள்.

பனிமூட்டம் எழுதியது:

டீச்சர், அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. மத்தியான நிறுவையை விவரப் பிழை என்று ஒரு பட்டியலில் எழுதி வைத்திருந்தேன், புரியவில்லை என்பதை இன்னொரு பட்டியலில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. அழுகை இல்லாத கட் ஒன்று இன்றைக்கே போடுகிறேன்.

ஒரு சிக்கலை மேலே எழுதவில்லை. கணக்கப்பிள்ளையாக நடித்தது எங்கள் குழுப் பையன், ஆனால் மண்டபத்தில் பார்த்த ஒருவர், உண்மையான கணக்கப்பிள்ளையின் சொந்தக்காரர், இது எங்கள் ஆளைத்தானே காட்டுகிறது என்று கோபப்பட்டுவிட்டார். அம்மாவாக நடித்தவர் இப்போதும் அதே மலையில் கொழுந்தெடுக்கிறார். இதையும் கருத்து என்று எடுத்துக்கொள்வதா, எதிர்ப்பு என்று ஒதுக்குவதா? அதோடு, படத்துக்கு ஒரு தொகை தந்து உதவிய அமைப்பு ஒன்று, முடிவில் பிள்ளை ஸ்கூலுக்குப் போவதாகக் காட்டினால் நல்ல செய்தியாக இருக்கும் என்று மெல்லச் சொல்கிறது.

கண்டிவீதி எழுதியது:

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். அந்த அம்மா நாளைக்கும் அதே தராசுக்கு முன்னால் கொழுந்தை இறக்க வேண்டியவர். அவருக்கு ஒரு தொந்தரவு வருமா என்பது கலை பற்றிய கருத்தே இல்லை, அது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற விஷயம். போய் அவரோடு தனியாக உட்கார்ந்து திரும்பவும் படத்தைக் காட்டுங்கள், மண்டபத்தில் பார்த்தது போதாது. இதை யார் யார் பார்ப்பார்கள், யூடியூபில் போட்டால் தோட்டத்து முகாமையாளர், துரை வரைக்கும் போகும் என்று தெளிவாகச் சொல்லி, இன்னும் சம்மதமா என்று கேளுங்கள். நடிக்கச் சம்மதித்தது வேறு, முடிந்த படத்தைப் பார்த்துச் சம்மதிப்பது வேறு. அவர் ஒரு ஷாட்டை எடுக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுங்கள். தோட்டத்துப் பெயர்ப்பலகை, டிவிஷன் பெயர், லொறியில் எழுதியிருப்பது எல்லாவற்றையும் ஃப்ரேமிலிருந்து வெட்டுங்கள்.

கோபப்பட்டவரைப் பொறுத்தவரை, அவர் சொன்னதில் உங்களுக்கு உதவக்கூடிய ஒன்றும் இருக்கிறது. கழிப்பது அந்த ஒரு மனிதனின் கெட்ட குணம் என்பது போலப் படம் காட்டுகிறதா? கணக்கப்பிள்ளைக்கும் மேலே இருந்து நெருக்கடி உண்டு, அவரும் பெரும்பாலும் அதே லயத்துப் பின்னணியில் வந்தவர்தான். அவர் எண்ணை எழுத முன்னால் ஒரு நொடி தயங்குகிற மாதிரி ஒரு ஷாட் இருந்தால் கேள்வி அந்த ஆளைத் தாண்டிப் போகும். இது என் அபிப்பிராயம் மட்டும், எடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

காசு தந்த அமைப்பின் கருத்தைப் பார்வையாளர் கருத்தோடு ஒரே பையில் போடாதீர்கள். லயத்து மாமி ஸ்கூலுக்குப் போனாளா என்று கேட்பது அந்தப் பிள்ளைக்காக. அமைப்பு கேட்பது தன் அறிக்கைக்காக. இரண்டும் ஒரே வசனமாக இருக்கலாம், ஆனால் இரண்டாவதற்காக முடிவை மாற்றினால் முதலாவது ஆட்களுக்கே அது ஒட்டாமல் தெரிந்துவிடும். நன்றியோடு, யோசித்துப் பார்த்தோம், படத்துக்கு இப்படித்தான் பொருந்துகிறது என்று எழுத்தில் அனுப்புங்கள்.

பொதுவாக ஒரு எச்சரிக்கை. மேலே இரண்டு பேரும் நல்ல யோசனை சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எல்லோரும் சொன்னதையெல்லாம் செய்யத் தொடங்கினால் படம் யாருடையதும் இல்லாமல் போய்விடும். பிக்சார் என்ற அமெரிக்க அனிமேஷன் ஸ்டூடியோவில் ஒருவர் எடுக்கும் படத்தை மற்ற இயக்குநர்கள் கூடிப் பார்த்து நேருக்கு நேர் குறை சொல்கிற ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த விதி, சொல்லப்படும் எதையும் இயக்குநர் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாததால் சொல்கிறவருக்கும் தைரியம் வருகிறது, கேட்கிறவருக்கும் பயம் போகிறது. உங்கள் பட்ச் பிள்ளைகளிடமும் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கேம்பஸ் கூட்டத்துக்கு இன்னொரு முறையும் இருக்கிறது. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990ஐ ஒட்டி உருவாக்கியது. பார்த்தவர்கள் முதலில் தங்கள் மனதில் எது நின்றது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அடுத்ததாக, படைத்தவர் தனக்குச் சந்தேகமாக உள்ள இடங்களைப் பற்றிக் கேட்பார். பிறகு பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்கக் கூடாது. ஏன் இவ்வளவு மெதுவாக எடுத்தாய் என்று கேட்கக் கூடாது, முதல் பகுதியின் வேகத்தை எதை நினைத்து முடிவு செய்தாய் என்று கேட்கலாம். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் இதைப் பற்றி ஒன்று சொல்லலாமா என்று அனுமதி கேட்டு. முதலில் செயற்கையாகத்தான் இருக்கும், ஆனால் சத்தமாகப் பேசுகிற ஓரிருவர் கூட்டத்தை இழுத்துக்கொண்டு போவதை இது நன்றாகத் தடுக்கும். லயத்து ஸ்தோப்பில் இதெல்லாம் வேண்டாம், அங்கே டீச்சர் சொன்ன வழிதான் பொருந்தும்.

தகரக்கூரை எழுதியது:

ஒலிப்பதிவு செய்கிறவன் என்ற முறையில் ஒன்று. புரியவில்லை என்று சொன்னவர்களில் எத்தனை பேருக்கு வசனம் கேட்கவில்லை என்று பார்த்தீர்களா? தோட்டத்து வீடுகளில் எடுத்த படங்களில் பெரிய பிரச்சினை மழை. தகரத்தில் தூறல் விழுந்தாலே குரல் அமுங்கிவிடும், எடிட் செய்கிற உங்களுக்கு வசனம் மனப்பாடம் என்பதால் அது தெரியவே தெரியாது. மண்டபத்தில் எதிரொலி வேறு.

கணக்கப்பிள்ளை கிலோ சொல்கிற வசனம்தான் இப்போது முழுக் கதையையும் தாங்கப் போகிறது, அது ஒரு இலக்கம்கூடத் தவறாமல் கேட்க வேண்டும். எடுத்ததில் தெளிவில்லை என்றால் அந்தப் பையனை ஜன்னல் மூடிய அறையில் இருத்தி, மெத்தை, போர்வை தொங்கவிட்டு, போனிலேயே திரும்பச் சொல்ல வைத்துப் பதிவு செய்யலாம். முகம் தெரியாத ஷாட்டில் வைத்தால் உதடு பொருந்தவில்லை என்ற பிரச்சினையும் இல்லை. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே ஒலி வேலைக்கு ஃபெயார்லைட் பக்கம் இருக்கிறது, மழையிரைச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம், முழுவதும் எடுக்கப் போனால் குரல் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஆகிவிடும். அடுத்த திரையிடலுக்கு முன்னால் படத்தை ஒரு சாதாரண போன் ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். வட்ஸப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள், படமும் ஒலியும் நசுங்கித்தான் போகும். யூடியூபில் அன்லிஸ்டட் ஆக, லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி, போட்டு லிங்க் கொடுங்கள். பொதுவில் விடுவதற்கு அவசரப்பட வேண்டாம், ஏற்கனவே இணையத்தில் வெளிவந்த படத்தைச் சில விழாக்கள் எடுப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேசத் திரைப்பட விழா நடத்துகிறார்கள், அது போன்ற இடங்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் விதிமுறையை முதலில் வாசியுங்கள். சிங்களம் பேசுகிறவர்களும் பார்க்க வேண்டும் என்றால் சப்டைட்டிலைச் சிங்களத்தில் ஒருவரைப் புதிதாகப் படிக்கச் சொல்லிப் பரிசோதியுங்கள், ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் போகவே வேண்டாம்.

பனிமூட்டம் எழுதியது:

அம்மாவாக நடித்தவரோடு ஸ்தோப்பில் உட்கார்ந்து மடிக்கணினியில் திரும்பக் காட்டினேன். தனக்குப் பயமில்லை, ஆனால் கணக்கப்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு இடத்தை எடுத்துவிடச் சொன்னார், எடுத்தாயிற்று. அடுப்படி அழுகை இல்லாத கட்டைப் பார்த்து, “இப்பதான் நான் மாதிரி இருக்கு” என்றார். முடிவை இப்போதைக்கு மாற்றவில்லை. மகள் பழைய வினாத்தாள்களைத் தைத்து வைத்திருக்கும் ஒரு ஷாட் கைவசம் இருந்தது, நீளம் என்று வெட்டியிருந்தோம், அதைத் திரும்பப் போட்டிருக்கிறேன்.

இப்போது சிக்கல் மத்தியான நிறுவை. நாங்கள் எடுத்த மலையைக் கவ்வாத்து வெட்டிவிட்டார்கள், ஒரு பச்சை இல்லை, குச்சியாக நிற்கிறது. திரும்பத் துளிர்த்து வருவதற்குள் ஒப்படைக்கும் திகதி போய்விடும். என்ன செய்யலாம்?

வெட்டும்மேசை எழுதியது:

மலை தேவையே இல்லை தங்கச்சி. மத்தியான நிறுவை பெரும்பாலும் ரோட்டோரத்தில்தானே நடக்கும், லொறியோ டிரக்டரோ வந்து நிற்கிற இடத்தில். வேறு எந்த மலையின் ரோட்டோரமாக இருந்தாலும் தராசு, கைகள், கூடை, பக்கத்துப் பெண்ணின் முகம் என்று கிட்டத்தில் எடுத்தால் பின்னால் தெரிவது மங்கலான பச்சைதான். பின்னேரக் காட்சியில் பனி இருந்தால் மத்தியானம் நல்ல வெயிலாக இருக்கட்டும், வெளிச்சம் மாறியிருப்பதே நேரம் போயிருக்கிறது என்று சொல்லிவிடும். இடுப்பில் கட்டும் அதே படங்கு, அதே தலைத்துணி இருக்கிறதா என்று இன்றைக்கே அந்த அம்மாவிடம் கேட்டு வாங்கி வையுங்கள், கழுவிச் சாயம் போனால் வெட்டு ஒட்டாது. டீச்சர் சொன்ன சிரிப்புக்கு வசனம் எழுதாதீர்கள், கேமராவை ஓட விட்டுவிட்டு அவர்கள் பாட்டுக்குப் பேச விடுங்கள், எடிட்டில் பார்த்துக்கொள்ளலாம். கட் தயாரானதும் லிங்கை எனக்கும் அனுப்புங்கள். அந்த மாமிக்கு மட்டும் அதை நேரில் போட்டுக் காட்டுங்கள்.